எல்லோரும் சிரித்த ஸ்டிக்கர்

மைக்கைக் கையில் வாங்கினால் போதும், உஸ்மாவின் தமிழ் உடை மாற்றிக்கொண்டு வந்துவிடும். பூந்தமல்லி கடைத்தெருவில் பிறந்து, அங்கேயே வாயாடி வளர்ந்து, அங்கேயே கல்யாணமும் முடித்த பெண்மணி, பருத்திப்பட்டில் ஏரி தெரிகிற ஃபிளாட்டுக்குக் குடிபோன மறுவருடமே ‘குழந்தை வளர்ப்பு ஆலோசகர்’ ஆகிவிட்டாள். யார் ஆக்கினார்கள் என்று கேட்டால் பதில் கிடையாது. தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் ‘அன்பான பெற்றோர்களே’ என்று ஒரு வாய்ஸ் நோட் வரும். சொந்தக்காரர்கள் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் கைகூப்புகிற பொம்மையைத் தட்டிவிட்டுத் தோசை வார்க்கப் போய்விடுவார்கள்.

ராபியாவுக்கு அவள் நாத்தனார். கணவன் சாதுல்லாவின் ஒரே அக்கா. அக்கா சொன்னால் சாதுல்லாவுக்கு வேதவாக்கு; டிரங்க் ரோட்டில் அவன் வைத்திருக்கிற மெத்தைக் கடைக்குப் பெயர்ப்பலகை என்ன நிறம் என்பதுகூட அக்கா முடிவு செய்ததுதான்.

சனிக்கிழமை காலையில் அந்த அக்காவிடமிருந்து போன். சாயங்காலம் ஃபிளாட் சங்கத்தில் கூட்டம். ‘இணையத்தில் நம் குழந்தைகள்’ என்று தலைப்பு. பேச்சாளர் சாட்சாத் உஸ்மாவேதான். வருகிறவர்களுக்கு ராபியா சமோசா செய்து எடுத்துக்கொண்டு வர வேண்டும், காய் சமோசாவாக இருக்கட்டும், கூட்டத்தில் ஐயர் வீடுகளும் உண்டு. கையோடு ஹிபாவையும் அழைத்து வரவேண்டும். முன்வரிசையில் நாலு பிள்ளைகள் இருந்தால் போட்டோ நன்றாக வருமாம்.

வேறு எந்த வாரமாக இருந்தாலும் ராபியா உதட்டைப் பிதுக்கிவிட்டு உருளைக்கிழங்கை வேகப் போட்டிருப்பாள். இந்த வாரம் போனை அவள் தடாலென்று வைத்தாள்.

எட்டாவது படிக்கிற மகள் ஹிபா, கொண்டுபோகிற சாப்பாட்டு டப்பாவை அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறாள் என்பதுதான் இத்தனை நாளாக ராபியாவின் கவலை. வீட்டிலும் யார் எதிரிலும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. கேட்டால் பசிக்கவில்லை என்பாள். டாக்டரிடம் கூட்டிப்போனாள். அந்த மனிதர் பிள்ளையை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வளர்கிற வயசு என்று சொல்லி டானிக் எழுதிக்கொடுத்தார். பள்ளிக்கூடத்து டீச்சர், இந்தக் காலத்துப் பெண்கள் டயட் இருக்கிறார்கள் என்று சிரித்தாள். சாதுல்லா, கண்பட்டிருக்கும் என்று சொல்லி ஒரு பாட்டில் தண்ணீர் ஓதி வாங்கிவந்தான். பிள்ளையிடம் உட்கார்ந்து பேசியவர் ஒருவர் கிடையாது.

கடைசியில் விஷயத்தைச் சொன்னது நிவேதிதா. ஹிபாவின் வகுப்புத் தோழி, உஸ்மா இருக்கிற அதே ஏரி ஃபிளாட்டில் குடியிருக்கிற பெண். நேற்று வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு ஹிபாவோடு வீட்டுக்கு வந்தவள், ஹிபா முகம் கழுவப் போன நேரத்தில் சமையலறைக்குள் நுழைந்து தன் போனை ராபியாவிடம் நீட்டினாள்.

அதில் ஹிபாவின் முகம் இருந்தது. உஸ்மாவின் மகள் கல்யாணத்தில், மாங்காடு மண்டபத்தில், பிரியாணிப் பந்தியில் யாரோ எடுத்த வீடியோவிலிருந்து வெட்டியது. கன்னம் இரண்டும் உப்பி, கண் பாதி சொருகி, வாயோரம் ஒரு பருக்கையோடு பிள்ளை கறித்துண்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். கீழே ‘இன்னொரு பீஸ்’ என்று எழுதி அதை ஸ்டிக்கராக்கியிருந்தார்கள். செய்தவன் உஸ்மாவின் மகன் ராஷித். பன்னிரண்டாவது முடித்துவிட்டு இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குக் காத்திருக்கிற சீமான்.

குடும்ப குரூப்பில் ஆரம்பித்திருக்கிறது. யாராவது ‘சாப்டாச்சா’ என்று கேட்டால் ஹிபாவின் முகம். பெருநாள் வாழ்த்துக்கு ஹிபாவின் முகம். மாமன், சித்தப்பன், பெரியம்மா என்று ஒருத்தர் பாக்கியில்லாமல் அனுப்பியிருக்கிறார்கள். அங்கிருந்து ராஷித்தின் டியூஷன் சிநேகிதர்கள், அவர்களுடைய தம்பி தங்கைகள், ஹிபாவின் வகுப்பு குரூப். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் டப்பாவைத் திறந்ததும் நாலு பேர் ‘பீஸ்’ என்று குரல் கொடுப்பார்களாம். அவள் படத்தை வைத்து இன்ஸ்டாகிராமில் எவனோ ஒரு கணக்கே திறந்திருக்கிறான். ‘இன்னிக்கு எத்தன பீஸ்?’ என்று தினம் ஒரு கேள்வி, கீழே ஊர்ப்பட்ட சிரிப்பு.

“ஆன்ட்டி, எதையும் டெலீட் பண்ணிடாதீங்க, நான் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சிருக்கேன்” என்றாள் நிவேதிதா. “ஹிபா ஒவ்வொண்ணுக்கும் சிரிக்கிற எமோஜி போட்டிருக்கா. அதனால யாரும் நம்ப மாட்டாங்க.”

குடும்ப குரூப்பில் ராபியாவும் இருக்கிறாள். ஆனால் நாத்தனாரின் வாய்ஸ் நோட்டுக்குப் பயந்து அதை மியூட் செய்து வருடமாகிறது. இந்த ஜனங்களின் பேச்சு என் காதில் விழாமல் இருந்தால் போதும் என்று இறுமாப்பாக இருந்தவளுக்கு, பிள்ளையின் முகம் ஊர்ஊராகப் போனது கடைசியில்தான் தெரிந்தது. நினைக்க நினைக்கத் தன் மேலேயே அவளுக்குக் காறித் துப்பத் தோன்றியது.

ஆக, சனிக்கிழமை காலையில் உஸ்மாவின் போனை வைத்ததும், கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சாதுல்லாவை அவள் மறித்துக்கொண்டாள். விஷயத்தைச் சொன்னாள். அவன் செருப்பை மாட்டியபடியே கேட்டான்.

“இன்னா ராபியா, ஒரு ஸ்டிக்கருக்குப் போயி இவ்ளோ பேசற. நம்ம பொண்ணு மூஞ்சி எல்லார் போன்லயும் கீது. பாசத்துலதானே அனுப்பறாங்க.”

“நீங்களும் அனுப்பியிருக்கீங்க.”

“நான் அவ அத்தா. எனக்கில்லாத உரிமையா.”

பிள்ளை சாப்பிடாமல் இருப்பது இதனால்தான் என்று அவள் சொன்னபோது அவன் முகம் கொஞ்சம் மாறியது. சரி, இனிமேல் அனுப்ப மாட்டேன், அக்காவிடமும் பக்குவமாகச் சொல்கிறேன் என்றான். பக்குவமாக என்று அவன் சொன்னால், சொல்லவே மாட்டான் என்று அர்த்தம். அக்கா எதிரில் வாய் திறக்க வேண்டுமென்றால் சாதுல்லாவுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். ஆனாலும் அனுப்ப மாட்டேன் என்றானே, அந்த மட்டுக்கும் ராபியா ஏற்றுக்கொண்டாள்.

மதியம் முழுக்க சமோசா மடித்தார்கள். ஹிபா ஓரத்தில் மைதாப் பசை தடவி ஒட்டிக்கொடுத்தாள். பொரித்துத் தட்டில் போட்டது கமகமவென்று இருந்தது. பிள்ளை ஒன்றையும் தொடவில்லை. ராபியா மெதுவாகப் பேச்சுக்கொடுத்தாள். எல்லாம் தெரிந்துவிட்டது, திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன், நீ பயப்படாதே என்றாள். ஹிபா அழுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை. அத்தாவும் அனுப்பறாங்கம்மா என்று மட்டும் சொன்னாள். இனிமேல் அனுப்ப மாட்டார், காலையில்தான் சொன்னார் என்று ராபியா உறுதி கொடுத்தாள். ஹிபா தலையாட்டிவிட்டு அடுத்த சமோசாவை ஒட்டினாள்.

இதை வேறு யாரிடமாவது சொன்னாயா என்று ராபியா கேட்டபோது, ஹிபா பசைக் கிண்ணத்தை நிரப்ப எழுந்துபோனாள்.

கூட்டத்துக்கு வர வேண்டாம், வீட்டிலேயே இரு என்றும் சொல்லிப் பார்த்தாள். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று உஸ்மா மாமி எல்லார் எதிரிலும் கேட்பாள், அதற்கு வந்துவிடுவதே மேல் என்றது பிள்ளை. பதின்மூன்று வயதில் இப்படிக் கணக்குப் போட்டு வாழ வைத்துவிட்டார்கள்.

ஆவடி பஸ்ஸில் சமோசா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு இருவரும் பருத்திப்பட்டு போய் இறங்கினார்கள். ஃபிளாட் கட்டடத்தின் கீழே ஒரு ஹால். சுவரில் பெரிய டிவி. அதன் பக்கத்தில் ஒயர்களோடு ராஷித். ராபியாவைப் பார்த்ததும் ‘வாங்க மாமி’ என்று சிரித்தான். நல்ல பையன், பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பான் என்று சொந்தத்தில் எல்லோரும் மெச்சுகிற சிரிப்பு அது.

சங்கத்தின் தலைவர் தட்சிணாமூர்த்தி முதலில் பேசினார். அம்பத்தூர் எஸ்டேட்டில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வு பெற்றது அவருடைய வாய்க்குத் தெரியாது. தன் காலத்தில் போனே கிடையாது, அதனால்தான் தாங்கள் ஒழுக்கமாக வளர்ந்தோம் என்றார். எல்லோரும் போனை அணைத்து வையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அவர் சட்டைப்பையிலிருந்து போன் அலறியது. எடுத்து ‘மீட்டிங்ல இருக்கேன்’ என்று சத்தமாகச் சொல்லி, எதிராளி சொன்னதையும் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் வைத்தார்.

நாற்காலிகளில் இருந்தவர்கள் எல்லாம் படித்தவர்கள். பாதிப்பேர் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை போடுகிறவர்கள், சனிக்கிழமை என்பதால் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தார்கள். தங்கள் பிள்ளைக்கு அப்படி எதுவும் நடக்காது, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நடந்தால் தெரிந்துகொள்ளலாம் என்கிற ஆர்வம் அவர்கள் முகத்தில் தெரிந்தது. ஹிபா, உஸ்மா காட்டிய இடத்தில், முன்வரிசையில் உட்கார்ந்தாள். ராபியா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

உஸ்மா எழுந்தாள். பட்டு துப்பட்டா, தங்க ஃப்ரேம் கண்ணாடி. டிவியில் அவள் போனிலிருந்தே பக்கங்கள் ஓடின.

“குழந்தைகள் தாமாக வந்து சொல்ல மாட்டார்கள், பெற்றோர்களே. நாம்தான் கவனிக்க வேண்டும்” என்று ஆரம்பித்தாள். கேலிக்கு ஆளான குழந்தை திடீரென்று சாப்பாட்டை நிறுத்தும், போன் ஒலித்தால் முகம் சுருங்கும், பள்ளிக்கூடம் போக சாக்குச் சொல்லும் என்று டிவியைப் பார்த்துப் படித்தாள். “முக்கியமான ஒன்று. பிறர் கேலி செய்யும்போது அந்தக் குழந்தையும் சேர்ந்து சிரிக்கும். அந்தச் சிரிப்பை நம்பாதீர்கள்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு அம்மாள் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

ராபியாவும் அதைப் படித்துப் பார்த்தாள். அத்தனையும் உண்மை. எங்கிருந்து எடுத்தாளோ, எழுதினவன் யாரோ, பிள்ளைகளை உட்கார்ந்து பார்த்து எழுதியிருக்கிறான். அதை இந்தப் பெண்மணி மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறாள். இவள் படித்த ஒவ்வொரு வரியும் எதிரில் ஒரு பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறது, இவளுக்குத் தெரியவில்லை.

அடுத்ததாக, சான்றுகளை எப்படிப் பத்திரப்படுத்துவது என்று செய்து காட்டப்போவதாக உஸ்மா சொன்னாள். கேலியை அழிக்கக் கூடாது, படம் பிடித்து வைக்க வேண்டும், பிறகுதான் அந்த ஆளைத் தடுக்க வேண்டும். அதற்கு உதாரணமாகத் தன் வாட்ஸ்அப்பையே திறக்கிறேன் என்றாள்.

“எங்கள் குடும்ப குரூப்பையே எடுத்துக்கொள்வோம். இங்கே அன்பைத் தவிர வேறு எதுவும் இருக்காது.”

விரலால் தட்டினாள். சுவர் முழுக்க ஹிபாவின் முகம் வந்தது.

மதியம் தான் கேட்டதற்கு ராபியா அனுப்பிய சமோசா படத்தை உஸ்மா அந்தக் குரூப்பில் போட்டிருக்கிறாள், ‘இன்று என் நிகழ்ச்சிக்கு’ என்று. அதற்குப் பதிலாகத்தான் இந்த ஸ்டிக்கர். ஒருத்தர் போட்டதும் அடுத்தவர், அடுத்தவர் போட்டதும் இன்னொருவர். வரிசையாகக் கீழே இறங்கிக்கொண்டே போனது. உப்பிய கன்னமும் வாயோரப் பருக்கையும் நாற்காலி உயரத்துக்கு இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, முதல் ஆளாக அனுப்பியவரின் பெயர் பளிச்சென்று தெரிந்தது. சாதுல்லா.

ஹால் சிரித்தது. கெட்ட மனசோடு சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. படித்தவர்கள், நாசூக்கானவர்கள், கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தர், முன்வரிசையில் இருக்கிற பெண்தான் படத்தில் இருப்பவள் என்று பக்கத்தில் இருந்தவருக்கு விரல் நீட்டிக் காட்டினார். தட்சிணாமூர்த்தி தொந்தி குலுங்கச் சிரித்தார்.

உஸ்மாவுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அவளும் சிரித்தாள். “இது எங்கள் வீட்டுச் செல்லம். இதோ இருக்கிறாள் பாருங்கள். எவ்வளவு ஸ்போர்ட்டிவ்வாக எடுத்துக்கொள்கிறாள்.”

ராபியா திரும்பி மகளைப் பார்த்தாள். ஹிபா சிரித்துக்கொண்டிருந்தாள். உதட்டைப் பிரிக்காமல், ஒரு கையால் கன்னத்தை மறைத்தபடி, கண்ணை டிவியில் இருந்த அந்த ஒரு பெயர் மேலேயே வைத்துக்கொண்டு. பழகிப் பழகிக் கற்றுக்கொண்ட சிரிப்பு.

ராபியா எழுந்து நின்றாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள். குரல் உயரவும் இல்லை.

“அக்கா, கொஞ்சம் முன்னாடி ஒண்ணு படிச்சீங்களே. சேர்ந்து சிரிக்கும்னு. அத இன்னொரு தரம் படிங்க.”

உஸ்மா புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் முகம் கறுத்தது. ராஷித் பக்கம் திரும்பிக் கண்ணைக் காட்டினாள். அவன் ஒயரைப் பிடித்து இழுத்தான், டிவி இருட்டானது. ஆனால் மைக்கைக் கையில் வைத்திருக்கிறவள் தோற்றுப்போக முடியுமா? தேன் வடிகிற குரலில், குழந்தையையே கேட்டுவிடுவோம் என்று சொல்லி இறங்கிவந்து மைக்கை ஹிபாவின் வாயருகில் நீட்டினாள்.

“நீயே சொல்லும்மா. இதில் உனக்கு ஏதாவது வருத்தம் இருக்கிறதா?”

ஹிபா மைக்கைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். ராபியா, உன் இஷ்டம் என்பதுபோல் அவள் தோளில் கைவைத்தாள், அவ்வளவுதான்.

“உங்ககிட்டதான் மாமி மொதல்ல வந்து சொன்னேன்” என்றாள் ஹிபா. “சிரிச்சிடு, தானா விட்டுடுவாங்கன்னு சொன்னீங்க. சிரிச்சேன். விடல.”

போட்டோ எடுத்துக்கொண்டிருந்த அம்மாள் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். யாராவது ஒருத்தர் எழுந்து, மன்னித்துக்கொள் அம்மா, நானும் சிரித்துவிட்டேன் என்று சொல்வார் என ராபியா ஒரு நிமிடம் நம்பிவிட்டாள்.

தட்சிணாமூர்த்தி தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார். “சரி, சமோசா ஆறிடும்” என்றார்.

அதற்காகவே காத்திருந்தவர்கள் மாதிரி எழுந்தார்கள். டப்பாவைச் சுற்றி நின்று, ஹிபா நின்ற பக்கம் மட்டும் பார்க்காமல், தட்டில் இரண்டிரண்டாக எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி வீட்டுக்கும் கொஞ்சம் டிஷ்யூ பேப்பரில் மடித்துக்கொண்டாள். இன்னொருத்தி ராபியாவிடம் வந்து, மொறுமொறுப்பு வர மாவில் என்ன சேர்ப்பீர்கள் என்று கேட்டாள். ராபியா அவளை ஏற இறங்கப் பார்த்த பார்வையில் அவள் பதிலுக்கு நிற்காமல் நகர்ந்துவிட்டாள்.

நிவேதிதா மட்டும் ஓடிவந்து ஹிபாவை வெளியே ஏரிக்கரைப் பக்கம் அழைத்துப்போனாள்.

மாடிப்படி அருகில் உஸ்மா ராபியாவைப் பிடித்துக்கொண்டாள். கையில் மைக் இல்லை. தமிழ் கடைத்தெருவுக்குத் திரும்பியிருந்தது.

“இன்னா ராபியா, ஊட்டு விசயத்த ஊராண்ட வந்து கடை போட்டுக்கினு கீற? என் மானம் போச்சு. பசங்க ஜாலிக்கு ஒண்ணு பண்ணுவானுங்க, அதுக்கு இப்பிடியா?”

ராபியா அவளைத் தாண்டிப்போய், ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த ராஷித்தைக் கூப்பிட்டாள். யார் யாருக்கெல்லாம் ஸ்டிக்கர் செய்திருக்கிறாய் என்று கேட்டாள். அவன் கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்: ஹிபா, ஒரு சித்தப்பாவின் மகள், வீட்டு வேலைக்கு வருகிற அம்மா, பள்ளிக்கூடத்தில் திக்கிப் பேசுகிற ஒரு பையன். எல்லாம் சும்மா ஜாலிக்குத்தான் மாமி என்றான்.

“உங்க அத்தாவையும் செஞ்சியா?”

அவனுடைய அத்தா காலித் முன்கோபக்காரர் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ராஷித் ஒயரைப் பார்த்தான்.

“அவரு அடிப்பாரு மாமி.”

“அப்போ யாரு அடிப்பாங்க, யாரு சிரிப்பாங்கன்னு பாத்துதான் செஞ்சிருக்க. ஜாலிக்குச் செய்யல.”

பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கிற பையனுக்கு அப்போது எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. உஸ்மா மகனைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள். கவுன்சலிங் நேரம், பையன் பேர் பள்ளிக்கூடத்திலோ போலீஸிலோ அடிபட்டால் நடப்பதே வேறு, சாதுல்லாவிடம் பேசிக்கொள்கிறேன் என்றாள். பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, காலி டப்பாவைக்கூட எடுத்துக்கொள்ளாமல் ராபியா வெளியே வந்தாள்.

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுதுவிட்டு சாதுல்லா வீட்டுக்கு வந்தபோதே, அக்கா பேசி முடித்துவிட்டாள் என்பது அவன் செருப்பைக் கழற்றிய விதத்தில் தெரிந்தது. நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். கடையில் கூட்டமாக இருந்தது, சமோசா படத்தைப் பார்த்ததும் கை தானாகத் தட்டிவிட்டது, வேண்டுமென்று செய்யவில்லை என்றான். கையாம், தானாகவாம். காலையில் கொடுத்த வாக்கு மதியத்துக்குள் மறந்துபோகிற மனுஷனுக்குக் கையைக் குறை சொல்ல வெட்கமில்லை என்று ராபியா நினைத்தாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் புகார் கொடுக்கப்போவதை அவள் சொன்னாள். நிவேதிதா எடுத்துவைத்த படங்கள் எல்லாம் தன் போனுக்கு வந்துவிட்டன. அந்தப் போலிக் கணக்கை இன்ஸ்டாகிராமில் புகார் செய்தாயிற்று. யார் திறந்தது என்று பள்ளிக்கூடம் கேட்காவிட்டால் போலீஸுக்குப் போவாள். படம் முதலில் யார் கையிலிருந்து கிளம்பியது என்பதையும் சொல்ல வேண்டும். அத்தா என்கிற முறையில் அவனும் கூட வரவேண்டும்.

“அக்கா அழுவுது ராபியா” என்றான் சாதுல்லா. “புகார் குடு, நான் வேணாம்னு சொல்லல. ராஷித் பேரு மட்டும் வேணாம். அவன் படிப்பு கெட்டுப்பூடும்.”

“உங்க பொண்ணு சோறு?”

அவன் நியாயம் தெரியாதவன் அல்ல. தெரிந்த நியாயத்தைச் சொல்லத்தான் அவனுக்கு எப்போதும் முதுகெலும்பு போதாது.

அப்போது ஹிபா சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்து, பசிக்குதும்மா என்றாள்.

இத்தனை நாளில் பிள்ளையே வாய்விட்டுக் கேட்டது இதுதான் முதல் தடவை. ராபியா மற்றதையெல்லாம் விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். மதியம் வைத்த சோறு, பருப்பு, ஒரு முட்டை பொரித்தாள். ஹிபா அடுப்பு மேடை ஓரமாகத் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தட்டை எதிரில் வைத்ததும் பிசைந்து ஒரு கவளம் எடுத்தாள்.

சாதுல்லாவுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்து வந்து, சமையலறை வாசலில் நின்று, முகமெல்லாம் மலரப் பார்த்தான். தானே ஒரு தட்டை எடுத்துக்கொண்டான்.

“அத்தாவும் கூட உக்காரட்டாம்மா?”

ஹிபாவின் கை பாதியில் நின்றது. கவளம் தட்டில் திரும்ப விழுந்தது. அவள் சிரித்தாள். உதட்டைப் பிரிக்காமல், இடது கையால் கன்னத்தை மறைத்துக்கொண்டு, சாயங்காலம் ஹாலில் சிரித்த அதே சிரிப்பு. அத்தாவைப் பார்த்து.

இந்தத் தடவை சாதுல்லாவுக்கு அது சிரிப்பாகத் தெரியவில்லை. தட்டோடு அப்படியே நின்றான்.

“நீங்க அந்தப் பக்கம் போங்க அத்தா” என்றாள் ஹிபா, மரியாதையாக. பிறகு ராபியாவிடம், “கதவச் சாத்திடும்மா.”

அவன் பின்வாங்கினான். ராபியா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். தட்டைக் கீழே வைக்கிற சத்தம்கூட வெளியிலிருந்து வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் போன் அடித்தது. இந்த நேரத்துக்கு அக்காவைத் தவிர வேறு யாராக இருக்கும்? அடித்துக்கொண்டே இருந்தது.

அவன் எடுக்கிறானா இல்லையா என்று ராபியா காது கொடுக்கவில்லை. ஹிபா முதல் கவளத்தை வாயில் வைத்திருந்தாள்.